பிளானை ஏற்றிய பிறகு நெட் ஏன் மந்தமானது?

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார். டெலிபோன் கம்பி வழியாக வரும் பிராட்பேண்ட். பல வருடமாக 4 எம்பிபிஎஸ் பிளான், போன மாதம் 16 எம்பிபிஎஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டார். பகலில் சோதித்தால் 5 அல்லது 6 காட்டுகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் சிங்கப்பூர் மகனோடு வீடியோவில் பேச உட்கார்ந்தால் படம் அப்படியே நின்றுவிடுகிறது. மோடத்தில் டிஎஸ்எல் (டெலிபோன் கம்பி வழி நெட்) விளக்கு சிமிட்டிச் சிமிட்டி மறுபடி எரிகிறது. பழைய பிளானில் இந்தத் தொல்லை இல்லை. மோடம் வீட்டின் முன்பகுதியான முகப்பில் இருக்கிறது, ஆச்சி புழங்குவது உள்ளே தள்ளியிருக்கும் இரண்டாங்கட்டில். போன் பண்ணிக் கேட்டால் “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்கிறார்கள். பேரன் புது மோடம் வாங்கச் சொல்கிறானாம். வாங்கலாமா?

இப்போதைக்கு வாங்க வேண்டாம், ஆச்சி. அந்தக் காசை வைத்திருங்கள், பின்னால் வேறொன்றுக்கு வேண்டியிருக்கும்.

காரைக்குடியைச் சுற்றி இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலைதான் பார்க்கிறேன். “காசு கூடக் கட்டியும் வேகம் குறைஞ்சுபோச்சு” என்று யாராவது சொன்னால், அது மனப்பிரமை என்று ஆரம்பத்தில் நானும் நினைத்ததுண்டு. பிரமை இல்லை. பிளானை ஏற்றியதாலேயே லைன் கெடும், அதற்குக் காரணமும் உண்டு.

நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். பிளான் என்பது மடை, டெலிபோன் கம்பி வாய்க்கால். எக்ஸ்சேஞ்சில் ஒருவர் கம்ப்யூட்டரில் 4 என்பதை 16 என்று மாற்றுகிறார், மடை அகலமாகிவிட்டது. வாய்க்கால் உங்கள் மாமனார் காலத்தில் வெட்டியது. அதை யாரும் தூர்வாரவில்லை. தண்ணீர் கூடுதலாக வந்தால் எங்கே கரை மெலிந்திருக்கிறதோ அங்கே உடைத்துக்கொள்ளும்.

உங்கள் வீட்டில் எந்த இடத்தில் உடைகிறது என்று கண்டுபிடிக்க, கம்பிக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் பேசும் குரல் அந்தக் கம்பியில் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும். அதற்கு மேலே காலியாகக் கிடந்த இடத்தைத்தான் டிஎஸ்எல் எடுத்துக்கொண்டது. அதன் பழைய வகையான ஏடிஎஸ்எல் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். அதற்கடுத்து வந்த ஏடிஎஸ்எல்2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த இடத்தை 4.3 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் துண்டு துண்டாக வகுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் டோன் என்று பெயர். பழையதில் 256 டோன், பிளஸ்ஸில் 512. ஒவ்வொரு டோனும் நொடிக்குச் சுமார் 4,000 தடவை தகவல் சுமக்கிறது, சத்தம் குறைவாக இருந்தால் ஒரு தடவைக்கு 15 பிட் வரை.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு டோனுக்குப் பத்து பிட் என்று வைத்தால், 4 எம்பிபிஎஸ்ஸுக்கு நூறு டோன் போதும். அவை எல்லாம் கீழ்ப்பகுதியில், 600 கிலோஹெர்ட்ஸுக்குள்ளேயே கிடைத்துவிடும். 16 எம்பிபிஎஸ்ஸுக்கு நானூறு டோன் வேண்டும். அப்படியானால் 1.8 மெகாஹெர்ட்ஸுக்கும் மேலே போயாக வேண்டும். உயர்ந்த அலைவரிசைகள்தான் செம்புக் கம்பியில் சீக்கிரம் தேய்ந்துபோகும். அதனால் எக்ஸ்சேஞ்ச் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தே எல்லாம். ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் 20 எம்பிபிஎஸ் தாண்டலாம், மூன்று கிலோமீட்டரில் 8 வந்தாலே நல்ல லைன், ஐந்தைத் தொட்டால் 2 கிடைப்பதே பெரிது. இவை நல்ல தடிமனான கம்பிக்கான உத்தேசக் கணக்கு, மெல்லிய கம்பியாக இருந்தால் இன்னும் குறையும். தூரம் என்பதும் நீங்கள் காரில் போகும் தூரம் அல்ல, கேபிள் சுற்றி வரும் தூரம்.

பழைய பிளானில் உங்கள் லைன் சொகுசாக இருந்தது. 10 தூக்கக்கூடிய ஆளிடம் 4 கொடுத்த மாதிரி. மிச்சமிருந்த தெம்பு எல்லாம் கையிருப்பாக நின்றது. அந்தக் கையிருப்புக்குத்தான் எஸ்என்ஆர் மார்ஜின் என்று பெயர், டெசிபெல்லில் சொல்வார்கள். 4 எம்பிபிஎஸ் பிளானில் அது 15, 20 என்று இருந்திருக்கும். ராத்திரி சத்தம் ஏறினாலும் தாக்குப்பிடித்தது. 16 என்று மாற்றியதும் மோடம் முடிந்தமட்டும் பிடித்துக்கொண்டு, வழக்கமாக வைக்கும் 6 டெசிபெல்லை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறது. பகலில் சரி. இரவில் அக்கம்பக்கத்து மோடமெல்லாம் ஓடும், எல்இடி பல்பும் இன்வெர்ட்டரும் ஓடும், ஏர்கண்டிஷனர் போடுவார்கள். போதாக்குறைக்கு மத்திய அலை வானொலி இருட்டிய பிறகு வெகுதூரத்திலிருந்து வந்து விழும். 936 கிலோஹெர்ட்ஸ் என்று நாம் கேட்டு வளர்ந்த திருச்சி நிலையமே இந்த டோன்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆறு டெசிபெல் கரைந்ததும் மோடம் லைனை விட்டுவிட்டு மறுபடி பேரம் பேசுகிறது. நீங்கள் பார்க்கும் சிமிட்டல் அதுதான். அந்த அரை நிமிடம், ஒரு நிமிடம் மகன் முகம் உறைந்து நிற்கும்.

இதையெல்லாம் ஊகத்தில் விடாமல் எண்ணாகப் பார்க்கலாம். பேரன் வரும்போது பிரவுசரில் 192.168.1.1 என்று அடிக்கச் சொல்லுங்கள், பெரும்பாலான மோடங்களில் அதுதான் முகவரி. பாஸ்வேர்டு மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும். ஏடிஎஸ்எல் ஸ்டேட்டஸ் என்ற பக்கத்தில் டவுன்ஸ்ட்ரீம் (உங்களுக்கு வருவது), அப்ஸ்ட்ரீம் (உங்களிடமிருந்து போவது) என்று இரண்டு வரிசை இருக்கும். ரேட், எஸ்என்ஆர் மார்ஜின், அட்டென்யுவேஷன் (வழியில் சிக்னல் தேய்ந்த அளவு), சிஆர்சி (தகவலில் விழுந்த பிழைகளின் எண்ணிக்கை) இந்த நான்கும் எனக்கு வேண்டும். பகல் பதினொரு மணிக்கு ஒன்று, இரவு ஒன்பது மணிக்கு ஒன்று படம் எடுத்து வையுங்கள்.

டவுன்ஸ்ட்ரீம் ரேட் இன்னும் 4,000 சொச்சத்திலேயே (1,000 என்றால் 1 எம்பிபிஎஸ்) நின்றால் பிளான் பில்லில்தான் மாறியிருக்கிறது, எக்ஸ்சேஞ்ச் மெஷினில் மாறவில்லை. இது நான் அடிக்கடி பார்க்கும் கூத்து. லைனைக் கட்டுப்படுத்துவது ஓரிடம், கணக்கைக் கட்டுப்படுத்துவது வேறிடம். ஒன்றில் மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். “போர்ட் புரொஃபைல் மாத்தலை” என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். ரேட் 16,000 பக்கத்தில் அசையாமல் இருந்தால் கம்பியில் கோளாறே இல்லை, சிக்கல் வைஃபையில். உங்களுக்கு 5, 6 கிடைக்கிறது, விளக்கும் சிமிட்டுகிறது என்பதால் இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன். ரேட் 6,000, 7,000 என்று ஒழுங்கில்லாத எண்ணாகவும் மார்ஜின் 6 பக்கமாகவும் இருக்கும். லைன் தன்னால் முடிந்ததைத் தருகிறது என்று அர்த்தம்.

ஆனால் இதைவிடக் கூட அதனால் முடியுமா என்பதை அட்டென்யுவேஷன் சொல்லும். அது 50க்கு மேல் இருந்தால் தூரம், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. 30க்குள் இருந்தும் 6தான் வருகிறது என்றால் வழியில் எங்கோ கோளாறு. நம் பக்கத்து வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது வீட்டுக்குள்ளேயே ஓடும் கம்பியைத்தான்.

பள்ளத்தூரில் ஒரு வீடு. ஆச்சிக்கு நடந்ததேதான் அங்கும், பிளானை ஏற்றியதும் தகராறு. மோடத்தை இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். லைன்மேன் வந்து தூணிலிருந்து வரும் டிராப் வயரை மாற்றிவிட்டுப் போனார், குணமில்லை. நான் போய் முகப்பில் ரோசெட் பெட்டியை (டெலிபோன் கம்பி வந்து சேரும் சின்னச் சுவர்ப் பெட்டி) திறந்தால் உள்ளே இரண்டு ஜோடிக் கம்பி. ஒன்று வெளியிலிருந்து வருவது. இன்னொன்று? அது நிலைவாசல் மரத்தில் ஆணியடித்து, முற்றமுள்ள வளவைச் சுற்றி, இரண்டாங்கட்டு தாண்டி அடுப்படிச் சுவரில் போய் முடிந்தது. ஒரு காலத்தில் அங்கே ஒரு எக்ஸ்டென்ஷன் போன் இருந்திருக்கிறது. முகப்பில் மணி அடித்தால் அடுப்படியில் கேட்காதே! போனை எடுத்து எத்தனையோ வருடம். கம்பியை யாரும் எடுக்கவில்லை. நுனி வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.

வெறும் கம்பி, அதில் போனே இல்லை, அது என்ன செய்யும் என்று வீட்டுக்காரர் கேட்டார். வரும் சிக்னல் அதற்குள்ளும் போகும். முடிவில் முட்டித் திரும்பி வந்து, வருகிற சிக்னலோடு மோதும். கம்பியின் நீளம் அலையின் நீளத்தில் கால் பங்காக இருக்கும் அலைவரிசையில், திரும்பி வருவது நேர் எதிராக வந்து அடித்துவிடும். செம்பில் அலை நொடிக்குச் சுமார் 20 கோடி மீட்டர் ஓடுகிறது. 100 அடிக் கம்பி என்றால் அந்தக் குழி 1.6 மெகாஹெர்ட்ஸில் விழும். 150 அடி என்றால் 1.1இல். மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 4 எம்பிபிஎஸ் பிளான் 600 கிலோஹெர்ட்ஸுக்குள் வேலையை முடித்துக்கொண்டது. அந்தக் குழி அதன் கண்ணிலேயே படவில்லை. 16 பிளானுக்கு வேண்டிய இடத்தின் நடுவிலேதான் குழி. ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக வீடு கட்டிய நம் முன்னோர்கள் பிராட்பேண்டை நினைத்தா கட்டினார்கள்? சின்ன ஃபிளாட்டில் இருபது அடிக் கம்பி கிடந்தால் அதன் குழி 8 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, ஏடிஎஸ்எல்லுக்குத் தொந்தரவே இல்லாத இடத்தில் விழும். சென்னையில் இருக்கும் பேரனுக்கு இது தெரியாமல் போனதில் அவன் தப்பு எதுவும் இல்லை.

பள்ளத்தூர் வீட்டில் அந்த ஜோடியை ரோசெட்டிலேயே கழற்றிவிட்டேன். ஸ்குரூடிரைவர் வேலைதான், ஐந்து நிமிடம் ஆகவில்லை. 6இல் நின்றது 11க்குப் போனது.

உங்கள் வீட்டிலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். வெளியிலிருந்து கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து உள்ளே போகும் எல்லாக் கம்பியையும் கழற்றிவிட்டு, மோடத்தை மட்டும் ஒரு சின்ன ஒயரில் நேராக அங்கே செருகுங்கள். போன், ஸ்பிளிட்டர் (போனையும் நெட்டையும் பிரிக்கும் சின்ன டப்பா), பழைய மணி எதுவும் வேண்டாம். ரேட் என்ன என்று பாருங்கள். ஏறினால் கோளாறு வீட்டுக்குள். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் குற்றவாளி தானாக மாட்டும். போன் வேண்டுமென்றால் ஸ்பிளிட்டர் வழியாக மட்டுமே கொடுங்கள். எலெக்ட்ரிஷியனிடம் விடுவதானால் பக்கத்தில் நின்று பாருங்கள், பர்மா தேக்கு நிலையில் டிரில் போட்டுவிடுவார்கள்.

ரேட் அசையவில்லை என்றால் கோளாறு தெருவில். அப்போது அந்த எண்களோடு புகார் கொடுங்கள். ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை அழுத்திவிட்டுக் காதில் வைத்துப் பாருங்கள். அமைதியாக இருக்க வேண்டும். கரகரவென்று இருந்தால் எங்கோ ஜாயின்டில் ஈரம் இறங்கியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கூடுகிறதா என்றும் கவனியுங்கள். செம்பு முனையில் பச்சை பூத்தால் மின்தடை ஏறும், மேல் டோன்கள் முதலில் செத்துப்போகும். உலோக அரிப்பையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் 1953 முதல் இயங்குகிறது. அந்த ஊரிலேயே தெருவில் கம்பிகளை வீடுகளுக்குப் பிரித்துவிடும் டிபி பெட்டிக்குள் கதவில்லாமல் கம்பிகள் பச்சை பூத்துக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். இன்னொரு வேடிக்கை: ஜோடியில் ஒரு கம்பி அறுந்துபோனாலும் நெட் மட்டும் மெதுவாக ஓடும். போனில் டயல் டோன் இருக்காது. “நெட்டுதான் வருதே, லைன் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். விடாதீர்கள்.

மோடத்தைப் பற்றிக் கேட்டீர்களே, ஒரே ஒரு விஷயம் பார்க்க வேண்டும். அமைப்பில் ஏடிஎஸ்எல்2 பிளஸ் என்றோ ஆட்டோ என்றோ இருக்க வேண்டும். ஜி.டிஎம்டி (பழைய ஏடிஎஸ்எல் முறை) என்று பூட்டி வைத்திருந்தால் 8 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். 4 பிளான் காலத்தில் போட்டுக்கொடுத்த மோடங்கள் சில இப்படித்தான் கிடக்கும். மாற்றினால் போதும், புதிது வேண்டாம்.

வேகம் சோதிக்கும்போது வைஃபையில் சோதிக்காதீர்கள். லேப்டாப்பை மோடத்தோடு லேன் கேபிளில் இணைத்துச் சோதியுங்கள். ரேட் 16 என்றால் சோதனையில் 13, 14 வரும். தகவலை 53 பைட் பொட்டலங்களாகக் கட்டி, அதில் 5 பைட்டை முகவரிக்கு எடுத்துக்கொள்வதில் ஆரம்பித்து வழிநெடுக இப்படிப் போகும் சேதாரம். அது கோளாறு இல்லை. ஃபைல் இறக்கும்போது 1.6 என்று காட்டினால் பதறவும் வேண்டாம், அது பைட், எட்டால் பெருக்க வேண்டும்.

முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்கு வைஃபை போகாது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய அவ்வளவு கனமான சுவர்கள், நடுவில் இரும்புப் பெட்டி, ரசம் பூசிய பெல்ஜியம் கண்ணாடி வேறு. அதற்காகத்தான் பலர் டெலிபோன் கம்பியை உள்ளே நீட்டி மோடத்தை அடுப்படிப் பக்கம் வைக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். மோடம் கம்பி நுழையும் இடத்திலேயே இருக்கட்டும். அங்கிருந்து லேன் கேபிளை ஓட்டுச் சார்ப்பின் அடியில் கொண்டுபோய் இரண்டாங்கட்டில் ஒரு சின்ன ரவுட்டரை வையுங்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் போகும், நம் வீடு எவ்வளவு நீளமானாலும் அதற்குள் அடங்கும். மோடத்துக்கு வைத்திருந்த காசு இதற்குத்தான். அதுவரைக்கும் மோடத்தை முற்றம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தால், திறந்தவெளி வழியாக வளவு வரை சிக்னல் ஓரளவு வரும். இடி இடிக்கும்போது கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, டெலிபோன் கம்பியையும் பிடுங்குங்கள். மோடங்கள் சாவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

இன்னொன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மகனோடு வீடியோவில் பேச 16 எம்பிபிஎஸ் தேவையே இல்லை. இறங்க 1 அல்லது 2 போதும். முக்கியமானது உங்கள் முகம் அங்கே போகும் வழி, அப்ஸ்ட்ரீம். ஏடிஎஸ்எல்லில் அந்த வழி சாதாரணமாக 1 எம்பிபிஎஸ்ஸைச் சுற்றியே நிற்கும், பிளானை ஏற்றினாலும் பெரிதாக மாறாது. விளக்கு சிமிட்டாத நேரத்திலும் படம் நின்றால் அந்த வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். யார் அடைக்கிறார்கள்? முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லாம் வந்திருந்த வீடொன்றில் நெட் சுத்தமாகப் படுத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் இருபது போன் வைஃபையில். ஒவ்வொன்றும் அன்று எடுத்த போட்டோவையும் வீடியோவையும் தானாக மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறது. அந்தச் சின்ன வழி அடைத்துக்கொண்டால் இறங்குவதும் நின்றுவிடும், ஏனென்றால் “வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு” என்ற பதிலும் அதே வழியில்தான் போயாக வேண்டும். உங்கள் போனிலும் வீட்டில் வேலை செய்பவர்கள் போனிலும் போட்டோ பேக்கப்பை நடுராத்திரிக்கு மேல் சார்ஜில் இருக்கும்போது மட்டும் நடக்கும்படி வையுங்கள். ரவுட்டரில் க்யூஓஎஸ் (வேகத்தைப் பங்கிடும்) வசதி இருந்தால் அப்லோடை 80 சதவீதத்தில் கட்டிப்போடலாம்.

உள்ளே சரிசெய்து, வெளியே சரிசெய்து, அப்புறமும் லைன் 9, 10தான் தூக்குகிறது என்றால் 16க்குப் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை. 8 எம்பிபிஎஸ் பிளான் இருந்தால் அதற்கு இறங்குங்கள். இல்லையென்றால் 16 பிளானிலேயே “லைன் ஸ்டேபிள் ஆகுற மாதிரி போர்ட்டை 8ல லாக் பண்ணுங்க, இல்லேன்னா டார்கெட் மார்ஜினை 9 ஆக்குங்க” என்று கேளுங்கள். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடிய காரியம். அசையாத 8, ஆடுகிற 12ஐ விட எவ்வளவோ மேல். எந்தப் பிளானானாலும் மாத டேட்டா அளவு தாண்டியதும் வேகம் விழும் என்ற வரி பில்லில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஃபைபர் உங்கள் தெருவுக்கு வந்துவிட்டதா? வந்திருந்தால் இந்தச் செம்புக் கம்பியோடு மல்லுக்கட்ட வேண்டாம், மாறிவிடுங்கள். தூரம், ஈரம், ராத்திரிச் சத்தம் எதுவும் கண்ணாடி இழையைத் தொடாது. ஆனால் அதுவும் முகப்பு வரைதான் வரும். இரண்டாங்கட்டுக்குப் போட்ட லேன் கேபிள் அப்போதும் அப்படியே உதவும்.

ரோசெட்டைத் திறந்து உள்ளே எத்தனை ஜோடிக் கம்பி இருக்கிறது என்று மட்டும் முதலில் பார்த்துச் சொல்லுங்கள், ஆச்சி. ஒன்றுக்கு மேல் இருந்தால் எண்களைப் படம் எடுக்கும் வேலையைக்கூட அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.